1992 என்எஸ்எக்ஸ்: இனி வராத எலக்ட்ரானிக் பாகங்கள் செத்துப்போனால் என்ன செய்வது?

#1 வடக்குக்காற்று (ரொறன்ரோ)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1992 அக்யூரா என்எஸ்எக்ஸ் (ஹோண்டாவின் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று இருக்கிறது. மேனுவல் கியர், கனடாவில் புதிதாக விற்ற கார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கார் அருமையாக ஓடுகிறது. ஒரு எச்சரிக்கை விளக்குக்கூட எரியவில்லை. தூக்கம் கெட்டிருப்பது எனக்குத்தான்.

ஒரு பிளாஸ்டிக் கிளிப் வாங்க உதிரிபாக அட்டவணையைத் திறந்தேன். வாங்கிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மற்றப் பக்கங்களையும் புரட்டிக்கொண்டு போனேன். கட்டுப்பாட்டுப் பெட்டி என்று எதைத் தேடினாலும் பாதிக்கு மேல் "உற்பத்தி நிறுத்தம்" என்றே வருகிறது.

இஞ்சினை நினைத்து எனக்குப் பயமில்லை. இரும்பும் அலுமினியமும் தேய்ந்தால் முதலில் சத்தம் போடும், எண்ணெய் கசியும், நமக்கு நாள் கொடுக்கும். தேவைப்பட்டால் லேத்தில் கடைந்தாவது எடுக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் அப்படியில்லையே. நேற்று வேலை செய்தது இன்று செய்யாது. ஈசியூ (இஞ்சின் கம்ப்யூட்டர்), ஏசி கட்டுப்பாடு, இக்னைட்டர் (பெட்ரோலைப் பற்றவைக்கும் காயில்களை ஓட்டும் பெட்டி), ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு), மீட்டர் போர்டு... இதில் ஒன்று போனால் கார் கராஜில் சிலையாக நிற்குமா? இப்போதே எல்லாவற்றுக்கும் மாற்று வாங்கி வைக்க வேண்டுமா? அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

#2 லண்டன்தம்பி

விளக்கு எரியவில்லை என்கிறீர்களே, பல்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தீர்களா அண்ணா? 😀

#3 எட்டாயிரம்ஆர்பிஎம் (கலிஃபோர்னியா)

தம்பியை விடுங்கள். ஆனாலும் சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைகிறதா என்று பார்ப்பது நல்லதுதான்.

நானும் இந்தக் காரை நீண்ட காலமாக வைத்திருக்கிறேன். 1990 முதல் 2005 வரை உலகம் முழுக்க விற்றதே பதினெட்டாயிரத்துச் சொச்சம். இருந்தும் இதன் உரிமையாளர்கள் விடாப்பிடியானவர்கள். எது எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் தெரிந்த கதை.

ஏசி கட்டுப்பாட்டுப் பெட்டிதான் முதல் ஆள். ஃபேன் தன்னிஷ்டத்துக்கு முழு வேகத்தில் ஓடும், சூடு கேட்டால் குளிர் வரும், பட்டன் அழுத்தினால் பதில் இருக்காது. உள்ளே மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டர் கசிந்து போர்டை அரிப்பதுதான் காரணம். அடுத்தது மெயின் ரிலே, ஈசியூவுக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் விடும் சுவிட்ச். வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது, கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகுமே, அந்தச் சத்தம் வராவிட்டால் ரிலேயைச் சந்தேகப்படுங்கள். அந்தக் காலத்து சிவிக், அக்கார்டிலும் இதே கதைதான். போஸ் ஸ்பீக்கர் ஒவ்வொன்றின் கூட்டுக்குள்ளும் தனி ஆம்ப்ளிஃபையர் உண்டு, அதுவும் கெபாசிட்டரால் போகும். முதலில் பொரியும், பிறகு மௌனம். மீட்டர் போர்டிலும், 91-94 ஈசியூவிலும் கசிவு பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஏபிஎஸ் கணக்கு வேறு. பழைய மாடலில் அதிகம் தொல்லை தருவது கம்ப்யூட்டர் இல்லை, அழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் பகுதியும் மின்காந்தத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வுகளும். ஆண்டுக்கணக்கில் வேலை இல்லாமல், பழைய பிரேக் ஆயிலில் ஊறிக்கிடந்தால் ஒட்டிக்கொள்ளும். ஆயிலை ஒழுங்காக மாற்றுங்கள். ஆளில்லாத இடத்தில், ஈரத் தரையிலோ சரளையிலோ, அவ்வப்போது ஏபிஎஸ் வேலை செய்யும்படி மிதியுங்கள். 2000 மாடலில் வந்த சிறிய ஏபிஎஸ் யூனிட்டைப் பழைய வண்டியில் பொருத்தியவர்களும் உண்டு.

உங்களுக்கு ஒரு ஆறுதல், 92-இல் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) கிடையாது. கவலைப்பட ஒரு பெட்டி குறைவு.

#4 சால்டரிங்சாமி (சான் ஹோசே)

எனக்குக் கார் பற்றி அவ்வளவாகத் தெரியாது, போர்டு தெரியும். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பழுது பார்ப்பதுதான் தொழில். அவற்றில் பாதியைச் செய்த கம்பெனியே இப்போது கிடையாது.

வடக்குக்காற்று தம்பி, அட்டவணையில் வராது என்று போட்டிருப்பது பெட்டி. சாவது பெட்டி அல்ல, அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு பாகம். அது பெரும்பாலும் அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். அந்த மதிப்பில் புதுசு இன்றைக்கும் ஒரு டாலருக்குக் கீழே கிடைக்கும்.

அதற்குள் சுருட்டிய அலுமினியத் தாள், நடுவே திரவத்தில் ஊறிய காகிதம், அடியில் ரப்பர் அடைப்பு. திரவம் காய்ந்தால் கொள்ளளவு குறையும், உள்மின்தடை ஏறும். கசிந்தால் இன்னும் மோசம், போர்டின் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த சின்ன, போர்டின் மேலேயே ஒட்டும் வகைதான் இதில் பேர்போனது. அப்போது பல கம்பெனிகள் ஒருவகை அம்மோனியம் உப்புத் திரவம் பயன்படுத்தின, அது அடைப்பையே மெல்லக் கெடுத்து வெளியே வந்தது. அந்தக் காலத்துக் கேம்கார்டர், கையடக்க வீடியோ கேம், ஆப்பிள் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் அதே வியாதி. மிட்சுபிஷி கார்களின் 90-94 ஈசியூவும் இதில் பிரசித்தம். சால்டரிங் அயர்னை வைத்ததும் காசிமேட்டில் நிற்கிற மாதிரி மீன் நாற்றம் வந்தால் கசிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆயுள் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்ட கெபாசிட்டர். வெப்பம் 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. 45 டிகிரியில் 1,28,000 மணி நேரம், அதாவது பதினான்கரை வருஷம். 25 டிகிரியில் 58 வருஷம் வரும். அதை நம்ப வேண்டாம், ரப்பர் அத்தனை காலம் தாங்காது. உங்கள் போர்டுக்கு வயது 30 தாண்டிவிட்டது. "எப்போது போகும்" என்று யோசிப்பதை விட்டுவிட்டு, கெபாசிட்டரின் காலம் முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மெயின் ரிலே கதை சால்டர் விரிசல். சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, கால் மாட்டிய இடத்தில் வட்டமாகக் கீறல் விழும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். பழைய சால்டரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் முடிந்தது.

அதனால் எந்தப் பெட்டி வரும், எது வராது என்ற பட்டியலை மூடிவையுங்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். உங்கள் பயம் அங்கேதான் பாதியாகக் குறையும்.

#5 சந்தேகப்பிராணி

எல்லாம் சரி. கார் கம்பெனி 10 வருஷத்துக்குப் பாகம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே? அதற்குப் பிறகு இந்தக் கார்களுக்கு எதிர்காலம் இல்லை என்று அவர்களுக்கே தெரியும். நல்ல விலை இருக்கும்போது விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

#6 எட்டாயிரம்ஆர்பிஎம்

அந்தப் பத்து வருஷச் சட்டம் ஊர் முழுக்கப் பேசப்படுகிறது. ஆனால் அமெரிக்காவில் எல்லாக் காருக்கும் எல்லாப் பாகத்துக்கும் அப்படி ஒரு பொதுவான கூட்டாட்சிச் சட்டம் கிடையாது. வாரண்டி காலத்தில் சரிசெய்து கொடுக்க வேண்டும், அதற்குப் பாகம் வேண்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கம்பெனியின் வழக்கமும் வியாபாரமும்.

புதிய கார் வாங்குங்கள் என்கிறீர்கள். அதில் இதைவிடப் பல மடங்கு கம்ப்யூட்டர் இருக்கும், ஒன்றுக்கொன்று கடவுச்சொல் கேட்கும். 30 வருஷம் கழித்து அதை யார் திறப்பார்கள்? 92 போர்டில் கால்கள் கண்ணுக்காவது தெரிகின்றன.

எதிர்காலம் இல்லை என்பதும் சரியில்லை. நிசான் 2017-இல் ஆர்32 ஜிடி-ஆருக்குப் பழைய பாகங்களை மறுபடி தயாரிக்க ஆரம்பித்தது, அதில் வயரிங் ஹார்னஸும் உண்டு. டொயோட்டா 2020-இல் ஏ70, ஏ80 சுப்ராவுக்கு ஆரம்பித்தது. ஹோண்டா 1993-லிருந்தே ஜப்பானில் என்எஸ்எக்ஸைப் பிரித்துப் புதுப்பித்துக் கொடுக்கும் சேவை நடத்துகிறது. இப்போது ஹெரிடேஜ் வொர்க்ஸ் என்ற பெயரில் பழைய பாகங்களை மறுபடி செய்து விற்பதாகவும் அறிவித்திருக்கிறது, அதிலும் முதல் வரிசையில் என்எஸ்எக்ஸ்தான். எல்லாப் பெட்டியும் வரும் என்று நான் சொல்லவில்லை. ரப்பர் பட்டையை மறுபடி வார்ப்பது சுலபம், முப்பது வருஷத்துக்கு முந்தைய சிப்பை மறுபடி வார்க்க ஆள் கிடையாது.

#7 கொர்வெட்காரன் (டெக்சஸ்)

விலை உயர்ந்த கார் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள், உங்களுக்காக ஆட்கள் மெனக்கெடுகிறார்கள். எங்கள் சி5 கொர்வெட் பக்கம் வந்து பாருங்கள். 1997 முதல் 2004 வரை ஏறக்குறைய இரண்டரை லட்சம் கார்கள் விற்றன. அத்தனை விற்ற காருக்கே பிரேக் கட்டுப்பாட்டு மாட்யூல் புதிதாகக் கிடைக்காது. சி1214 என்ற பிழைக் குறியீடு (கோடு) வந்தால் எல்லாருக்கும் வயிறு கலங்கும், சொலினாய்டு வால்வுக்கான ரிலே சர்க்யூட் திறந்துகிடக்கிறது என்று அர்த்தம். ஏபிஎஸ், டிராக்‌ஷன், ஆக்டிவ் ஹேண்ட்லிங் (வண்டி வழுக்காமல் பிடிக்கும் அமைப்புகள்) மூன்றும் ஒரே நேரத்தில் விடைபெறும். சாதாரண பிரேக் இருக்கும், வண்டியும் ஓடும். ஆனால் சில ஊர்களில் ஆய்வில் தேறாது.

என்னுடையது இன்னும் தாக்குப்பிடிக்கிறது. ஆனாலும் மற்றவர்களைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டேன். கோடு வந்த உடனே மாட்யூலைக் கழற்றி யாருக்கும் அனுப்பாதீர்கள். முதலில் பேட்டரி, பிறகு ஃப்ரேமில் இருக்கும் எர்த் இணைப்புகள். துரு சுரண்டி இறுக்கியதும் கோடு மறைந்த கதைகள் ஏராளம். உண்மையாகவே மாட்யூல்தான் என்றால், உள்ளே செத்த ரிலேக்குப் பதிலாக வெளியே ஒரு ரிலே இழுத்து வைத்துச் சமாளிக்கிறவர்களும் உண்டு. பார்க்க அழகாக இருக்காது. எனக்கு அழகைவிட ஏபிஎஸ் முக்கியம்.

#8 வடக்குக்காற்று

சாமி அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன், நன்றாக விளங்கியது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஜப்பானில் ஒருவர் இதே ஏசி பெட்டியை, பெட்டி பிரிக்காமல், புதிதாக வைத்திருக்கிறார். விலை அநியாயம். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் நிம்மதிதானே?

#9 சால்டரிங்சாமி

அலமாரியில் இருப்பதற்கும் வயசாகிறது தம்பி. அதிலும் அதே கெபாசிட்டர், அதே திரவம், அதே ரப்பர். மின்சாரமே பாயாமல் கிடந்தால் அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலம் பலவீனமாகும், முதல் தடவை முழு மின்னழுத்தம் கொடுக்கும்போது அடிவாங்கும். அந்த அநியாய விலையைக் கொடுத்தாலும் கெபாசிட்டரை மாற்றித்தான் பொருத்த வேண்டும். அந்த வேலையைக் கையில் இருக்கும் பெட்டிக்கே செய்துவிடலாமே.

நானாக இருந்தால் காசைப் போடும் இடங்களே வேறு. போர்டில் இருக்கும் சிப்களில் ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தை நிலையாக வைப்பது), லாஜிக், டிரான்சிஸ்டர் எல்லாம் பொதுச் சரக்கு, நேரான மாற்று கிடைக்கும். பயப்பட வேண்டியது மூன்று வகை. கம்பெனி தன் எண்ணை மட்டும் அச்சடித்த பிரத்தியேக சிப், அதிலும் புரோகிராமை உற்பத்தியின்போதே உள்ளே பதித்துவிட்ட மைக்ரோகண்ட்ரோலர். வெற்று சிப் கிடைத்தாலும் உள்ளே இருக்கும் புரோகிராம் கிடைக்காது. இரண்டாவது, பீங்கான் தட்டில் அச்சிட்ட ஹைப்ரிட் சர்க்யூட், எபாக்சி ஊற்றி மூடிய மாட்யூல். திறப்பதற்குள் உடைந்துவிடும். உங்கள் இக்னைட்டர் இந்த ரகம் என்றுதான் நினைக்கிறேன், எட்டாயிரம் சார் உறுதி செய்யட்டும். மூன்றாவது, எல்சிடி திரை. அந்த அளவு, அந்தப் படங்கள் வேறெங்கும் வராது.

இந்த மூன்றுக்கும் தானம் கொடுக்க ஒரு செத்த பெட்டி போதும். புதுசு வேண்டாம். ஃபேன் ஓடவில்லை, திரை மட்டும் நன்றாக இருக்கிறது என்று யாராவது மலிவாகப் போடுவார்கள், அதை வாங்குங்கள்.

புரோகிராம் தனி ஈப்ராமில் (நினைவகச் சிப்பில்) இருந்தால் இன்றே நகல் எடுத்துவையுங்கள். ஈப்ராம் என்பது சிறையில் அடைத்த மின்னூட்டம், காலப்போக்கில் கசியும். அதன் ஜன்னல் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் பிய்க்காதீர்கள், வெளிச்சம் பட்டால் அழியும்.

#10 சந்தேகப்பிராணி

இத்தனை பாடு எதற்கு? ஹால்டெக், மோடெக் மாதிரி தனி ஈசியூ போட்டால் பழையதே தேவையில்லையே.

#11 எட்டாயிரம்ஆர்பிஎம்

இக்னைட்டர் அந்த ரகம்தான் சாமி சார். ஆறு காயிலையும் ஓட்டும் ஒற்றைப் பெட்டி, அதற்கு ஒரு ஸ்பேர் நானே வைத்திருக்கிறேன்.

தனி ஈசியூ என்பது கடைசி வழியாக எப்போதும் இருக்கிறது, அதை நினைத்து நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் நான் இருப்பது கலிஃபோர்னியா. 1976 மாடலிலிருந்து வந்த பெட்ரோல் கார்கள், மிகப் புதியவை தவிர, புகைச் சோதனைக்குப் போக வேண்டும், அனுமதி எண் இல்லாத ஈசியூ கண்ணில் பட்டால் தேறாது. ஒன்டாரியோவில் சொந்தக் கார்களுக்கான டிரைவ் கிளீன் சோதனையை 2019-இலேயே நிறுத்திவிட்டார்கள், வடக்குக்காற்றுக்கு அந்தக் கட்டு இல்லை. குளிரில் ஸ்டார்ட் ஆவது, ஏசி போட்டால் ஐடில் விழாமல் இருப்பது, இதையெல்லாம் கம்பெனிக்காரன் ஆண்டுக்கணக்கில் சரிசெய்திருக்கிறான். ட்யூனர் இரண்டு நாளில் அந்த அளவுக்குக் கொண்டுவருவது அபூர்வம்.

#12 லண்டன்தம்பி

பாகம்கூடப் பரவாயில்லை, பேசும் கருவியும் சாகுமே! மெக்லாரன் எஃப்1 மொத்தமே 106 கார்கள். அதைச் சர்வீஸ் செய்ய மெக்லாரனே தொண்ணூறுகளின் காம்பேக் எல்டிஇ 5280 லேப்டாப்பை ரொம்ப காலம் பாதுகாத்து வைத்திருந்தது. அதில் செருகும் பிரத்தியேக அட்டை வேறு கம்ப்யூட்டரில் வேலை செய்யாது. கோடிக்கணக்கில் விலைபோகும் கார், அதற்கு மருந்து பழைய லேப்டாப்.

#13 நெறியாளர்

விற்பனை விலை, விற்பவர் விவரம் இந்த இழையில் வேண்டாம், சந்தைப் பகுதிக்குப் போங்கள். மற்றபடி தொடருங்கள், நல்ல இழை.

#14 வயரிங்அக்கா (மெல்போர்ன்)

ஆட்டோ எலக்ட்ரீஷியனாக ஒரு வார்த்தை. எல்லோரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மேசைக்கு வரும் பழைய கார்களில் பெட்டி நன்றாகவே இருக்கும், கழற்றி மாட்டியவர் கனெக்டரை உடைத்திருப்பார். இஞ்சின் சூட்டில் முப்பது வருஷம் வெந்த பிளாஸ்டிக் அப்பளம் போல நொறுங்கும். கழற்றும் முன் ஹேர் டிரையரால் லேசாகச் சூடேற்றுங்கள், பூட்டுநாக்கை அழுத்தியபடி கூட்டைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுப்பவர்களுக்கு என் கடையில் தனி ரேட்.

உடைந்தாலும் உலகம் முடிந்துவிடாது. ஜப்பானியக் கார்களின் கனெக்டர்கள் பெரும்பாலும் சுமிடோமோ, யசாகி மாதிரி கம்பெனிகளுடையவை. கார் கம்பெனியின் எண்ணில் வராதது இவர்களின் எண்ணில் தேடினால் பல நேரம் கிடைத்துவிடும்.

வடக்குக்காற்று தம்பி, குளிர்காலம் முழுக்க காரை நிறுத்தி வைப்பீர்கள்தானே? சார்ஜ் பராமரிக்கும் கருவி மாட்டிவையுங்கள், வசந்தத்தில் இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும் நிலை வரக்கூடாது. இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வித்தை தெரிந்த மெக்கானிக்கை வண்டிக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள். அந்த நொடியில் எகிறும் மின்னழுத்தம் பல போர்டுகளைத் தின்றிருக்கிறது.

#15 வடக்குக்காற்று

அக்கா, அந்த வித்தையை ஊரில் மாமா செய்து பார்த்திருக்கிறேன்! நல்ல காலம், அது டீசல் வேன்.

சரி, முடிவு செய்துவிட்டேன். ஜப்பான் பெட்டி வேண்டாம். இந்தக் குளிர்காலத்தில் ஏசி பெட்டி, ஈசியூ, மெயின் ரிலே மூன்றையும் கழற்றிக் கெபாசிட்டரும் சால்டரும் புதுப்பிக்கப் போகிறேன். ரிலேயை நானே செய்வேன். மற்ற இரண்டையும் இதையே தொழிலாகச் செய்பவரிடம் அனுப்பலாமா, நானே கை வைக்கலாமா? பாடசாலைக் காலத்தில் ரேடியோ திருத்திய அனுபவம் மட்டும்தான்.

#16 சால்டரிங்சாமி

ரிலே உங்கள் வேலை. ஈசியூவை அனுப்புங்கள். அந்தப் போர்டில் தடம் உரிந்தால் பிறகு யார் கை வைத்தாலும் கஷ்டம். ஏசி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கசிவு இல்லையென்றால் நீங்களே மாற்றலாம், தடம் கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் அதையும் அனுப்பிவிடுங்கள்.

மாற்றும்போது கொள்ளளவு அதே, மின்னழுத்தம் அதே அல்லது அதற்கு மேல், 105 டிகிரி அல்லது அதற்கும் அதிகம் தாங்கும் வாகனத் தரம். நவீனமாக இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் செராமிக் போடாதீர்கள். சில பழைய ரெகுலேட்டர்களுக்குக் கெபாசிட்டரில் கொஞ்சம் உள்மின்தடை இருந்தால்தான் நிலையாக நிற்கும், இல்லாவிட்டால் அலைபாயும். கசிந்த இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிறகுதான் புதுசு.

அனுப்பும் முன் இருபக்கமும் படம் எடுங்கள், வரிசை எண் தெரியும்படி. நிலைமின் தடுப்புப் பையில் போடுங்கள். எல்லை தாண்டி அனுப்பினால் சுங்கப் படிவத்தில் பழுது பார்த்துத் திரும்பி வரும் பொருள் என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பெட்டிக்கே நீங்கள் வரி கட்ட நேரும்.

#17 கொர்வெட்காரன்

சாமி சார், அப்படியே என் பிரேக் மாட்யூலுக்கும் ஒரு நாள் ஒதுக்குவீர்களா? கெட்டுப்போகவில்லை, முன்கூட்டியேதான்.

#18 சால்டரிங்சாமி

கெடாததை, அதுவும் பிரேக்கை, நான் திறக்க மாட்டேன். எர்த் இணைப்பைச் சுத்தம் செய்துவிட்டு ஓட்டுங்கள்.

#19 வடக்குக்காற்று

எட்டாயிரம் அண்ணா, அந்த ஸ்பேர் இக்னைட்டர்... விற்கிற எண்ணம் உண்டா? தனிமடல் போடவா?

#20 எட்டாயிரம்ஆர்பிஎம்

தனிமடல் போடுங்கள், குசலம் விசாரிக்கலாம். இக்னைட்டர் கிடையாது. 😀 ஒன்று மட்டும் செய்கிறேன், செத்த வண்டி பிரிப்பவர் ஒருவர் பழக்கம், அவரிடம் சொல்லி வைக்கிறேன்.